ஐடிஐ பையன்கள் ஓடுவதற்கு அரமா காரணம்?

பீன்யா டர்னர்:
போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் நம்ம தமிழ் ஆட்கள் கூடிய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஒருவர் ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பேசினார். "ஐடிஐயில் சேருகிற பையன்கள் பாதியில் ஓடுவதற்கு ஒரே காரணம், ஃபிட்டர் டிரேடில், அதாவது பாகங்களைப் பொருத்தும் தொழிற்பிரிவில், நாலு மாதம் அரம் பிடிக்க வைப்பதுதான். முதல் நாளே கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் முன்னால் நிறுத்துங்கள், ஒருத்தனும் போக மாட்டான்" என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பீன்யா தொழிற்பேட்டையில் 31 வருடமாக லேத் (கடைசல் மெஷின்) ஓட்டுகிறேன். இன்று ஐந்து மெஷினோடு சொந்த ஷாப், அதாவது பட்டறை. வேலை கேட்டு வருகிறவன் அரம் பிடித்தவனா இல்லையா என்று, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முன்னால் அவன் நிற்கிற நிலையை வைத்தே சொல்லிவிடுவேன். இடது கால் முன்னால் இருக்கும். முன்னே தள்ளும்போது அழுத்துவான், இழுக்கும்போது அழுத்த மாட்டான். அரத்தால் ராவி முடித்த பக்கத்தில் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு கீற்று கூடக் கசியாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் என்னவென்று அவன் விரலுக்குத் தெரியும். சிஎன்சியில் பட்டன் அமுக்குகிறவனுக்குத் திரையில் வரும் எண் மட்டும்தான் தெரியும்.

பையன்கள் நின்றுபோக ஆயிரம் காரணம் உண்டு. அரம் அதில் சேராது. அப்புறம், நாலு மாதம் என்பது பொய். ஆறு வாரம்.

உரிகம் பையன்:
அண்ணே, நாலு மாதம்தான். நானே சாட்சி. 2016ல் ஒரு தனியார் ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தேன். கையில் ராவுவதற்கு ஒரே ஒரு இரும்புத் துண்டு. எங்கள் செட்டில் இருபது பேர், வைஸ் ஏழு, அதிலும் இரண்டு சரியாகப் பிடிக்காது. லேத் இருந்தது, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். யாராவது பார்வையிட வந்தால் மட்டும் தார்ப்பாய் இறங்கும். ஐந்தாவது மாதம் நின்றுவிட்டேன். இப்போது ஒயிட்ஃபீல்டில் சாப்பாடு டெலிவரி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பீன்யா டர்னர்:
தம்பி, இருபது பேருக்கு ஏழு வைஸ் என்றால் மூன்று பேருக்கு ஒன்று. ஆறு வார வேலையை மூன்றால் பெருக்கு, பதினெட்டு வாரம். உன் நாலு மாதம் வந்துவிட்டதா? வைஸ் வாங்காத நிர்வாகத்தைக் கேள். அரத்தை ஏன் திட்டுகிறாய்?

உரிகம் பையன்:
ஆக, நாலு மாதம் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

பீன்யா டர்னர்:
ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு வாரம்.

லிங்கராஜபுரம் டீச்சர்:
பன்னிரண்டு வருடமாக ஐடிஐயில் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். நீங்கள் இருவரும் வாரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் நின்றுபோன பையன்களை எண்ணியிருக்கிறேன்.

எங்கள் இடத்தில் பாதிப் பேர் தங்கவயல் பையன்கள். மாரிகுப்பத்திலிருந்து காலை ரயில் பிடித்தால் பெங்களூர் கண்டோன்மென்ட் வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வண்டி வழியில் பங்காரப்பேட்டையில் தாமதமாகி நின்றுபோனால் முதல் பீரியட் போச்சு. ஐடிஐயில் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. இரண்டு மாதம் இப்படித் தாமதமானதும், "எப்படியும் எழுத விட மாட்டார்கள்" என்று பையனே முடிவு செய்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான். யாரும் அவனை விரட்டுவதில்லை, அவனே கணக்குப் போட்டு நின்றுவிடுகிறான்.

அடுத்தது டிரேடு. எலக்ட்ரீஷியன் கேட்டு வந்தவனுக்கு மதிப்பெண் குறைவென்று ஃபிட்டர் கிடைக்கிறது. இரண்டுமே இரண்டு வருடம். வீட்டில் பணம் அவசரமாகத் தேவைப்படும் பையனுக்கு ஒரு வருட வெல்டர் இருக்கிறது என்று சேரும் நாளில் யாரும் சொல்வதில்லை. பதினெட்டு வயது முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

நாங்கள் செய்து பார்த்தது இது. மூன்றாம் நாள் வராவிட்டால் வீட்டுக்கு போன். அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு. தமிழில் பேசுவேன். ரயில் பையன்களுக்காகக் காலை முதல் மணியில் செய்முறை வைக்காமல், அரம் வேலையை மதியத்துக்குத் தள்ளினேன். விட்டுப்போனதைச் சனிக்கிழமை முடிக்கலாம். 2016ல் வந்த இரட்டைப் பயிற்சி முறையில் சில மாதங்களைக் கம்பெனியிலேயே கழிக்கலாம். அப்படிப் போன பையன்களில் நின்றவர்கள் மிகக் குறைவு. கம்பெனி வாசலைப் பார்த்துவிட்டால் படிப்பு எதற்கு என்று அவனுக்கே புரிந்துவிடுகிறது.

பீன்யா டர்னர்:
மேடம், ரயில் விஷயம் சரி. ஆனால் அரத்தை மதியத்துக்கா தள்ளினீர்கள்? சாப்பிட்ட கையோடு அரம் பிடித்தால் தோள் தொங்கும், பக்கம் குவிந்து போகும். காலையில் பிடிக்கணும். ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் நான் அப்ரென்டிஸாக (வேலை பழகுகிறவனாக) இருந்தபோது முதல் வேலையே அரம்தான்.

லிங்கராஜபுரம் டீச்சர்:
அத்தனை எழுதியதில் உங்களுக்குப் பட்டது மதியம் மட்டும்தானா? காலையில் பிடிக்கப் பையன் அங்கே இருக்க வேண்டுமே ஐயா.

ஓசூர்வாசி:
எல்லாரும் எங்கள் பக்கம் வந்துவிடுங்கள், பிரச்சினை தீரும். தமிழ்நாட்டில் அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய், பஸ் பாஸ், சைக்கிள், சீருடை. அதற்கு மேல் பெண்களுக்கு 2022லிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1000. பிள்ளை நிற்காமல் என்ன செய்யும்? நீங்கள் அங்கே அரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்.

தங்கவயல் அப்பா:
அந்த ஆயிரம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவர்களுக்கு. என் பிள்ளைகள் படித்தது தங்கவயலில். எங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தே குத்துகிறீர்கள். இங்கே கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கான சக்தி திட்டத்தில் என் மகள் அரசு பஸ்ஸில் இலவசமாகப் போகிறாள், சந்தோஷம். மகன் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுக்கிறான். யுவநிதி என்று டிகிரி முடித்து வேலை கிடைக்காதவனுக்கு 3000, டிப்ளமோவுக்கு 1500. ஐடிஐக்கு ஒன்றும் இல்லை. சுரங்கம் 2001ல் மூடினதிலிருந்து எங்கள் ஊர் பிழைப்பே அந்த ரயில்தான். தமிழ் பேசினாலும் எங்களுக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தித்தான் இருக்கிறது.

ஓசூர்வாசி:
குத்தவில்லை. இருப்பதைச் சொன்னேன். போன மாதம் வெல்டர் கூலி பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள்.

தங்கவயல் அப்பா:
அன்றைக்கும் நீங்கள் சொன்னது தப்புதான்.

பீன்யா டர்னர்:
யுவநிதி, ஓசூர் எல்லாம் இங்கே எதற்கு? பேச்சு அரத்தைப் பற்றி. 750 ரூபாய்க்காக உட்கார்ந்திருப்பவன் நாளைக்கு ஃபிட்டர் ஆக மாட்டான்.

உரிகம் பையன்:
750 ரூபாயை இப்படிப் பேசுகிறீர்கள், சரி. உங்கள் ஷாப்பில் அப்ரென்டிஸுக்கு எவ்வளவு தருகிறீர்கள்? 2019ல் வந்த விதியில் குறைந்தபட்சம் மாதம் 5000 முதல் 9000 வரை படிப்புக்குத் தகுந்தபடி போட்டிருந்தது.

பீன்யா டர்னர்:
என்னிடம் ஒன்பது பேர். முப்பது பேராவது இருந்தால்தான் அப்ரென்டிஸ் எடுப்பது கட்டாயம். சட்டம் எனக்கும் தெரியும்.

உரிகம் பையன்:
எவ்வளவு என்று கேட்டேன்.

பீன்யா டர்னர்:
வேலை கற்றுத் தருகிறேன். மதியச் சாப்பாடு தருகிறேன். என்னிடம் கற்றுக்கொண்ட மூன்று பையன்கள் இன்று இதே பீன்யாவில் சொந்த ஷாப் வைத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் கையில் அரம் கொடுத்தவன் நான். ஒருத்தனும் பாதியில் போகவில்லை.

லிங்கராஜபுரம் டீச்சர்:
அந்த மூன்று பேரும் எங்கிருந்து வந்தார்கள் ஐயா? பீன்யாவுக்குள்ளேயே குடியிருந்தவர்களா?

பீன்யா டர்னர்:
இரண்டு பேர் தாசரஹள்ளி. ஒருத்தன் ஷாப்பிலேயே படுத்துக்கொள்வான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லிங்கராஜபுரம் டீச்சர்:
சம்பந்தம் இருக்கிறது. உங்களிடம் அவர்கள் நின்றது, நடந்து வருகிற தூரத்தில் இருந்ததால். என் பையன் ஒருத்தன் நாலு மணிக்கு எழுந்து, ரயிலில் நின்றுகொண்டே தூங்கி, வாசலில் வந்து "லேட், வெளியே நில்" என்று கேட்கிறான். அவனை உள்ளே விட்டாலே பாதி வேலை முடிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைச் சொன்னதற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். அந்தப் பையன் திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பீன்யா டர்னர்:
உங்கள் மனசு புரிகிறது மேடம். ஆனால் அந்த மேடைப் பேச்சாளர் ரயிலைச் சொல்லவில்லை, அரத்தைச் சொன்னார். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நாளைக்கு இதைக் கேட்டு எந்த ஐடிஐயாவது ஃபைலிங் என்கிற அரம் வேலையை எடுத்துவிட்டால், கை வேலை தெரியாத ஃபிட்டர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உரிகம் பையன்:
நான் ராவின துண்டு இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. அரிசி டப்பா மூடி மேல் கனத்துக்கு வைத்திருக்கிறார். நாலு மாதம் ராவியும் ஒரு மூலைகூட ஸ்கொயர் இல்லை. காட்டித்தர ஆள் இல்லை, அதுதான் காரணம்.

பீன்யா டர்னர்:
அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஷாப்புக்கு வா. வைஸ் காலியாகத்தான் இருக்கும். நாலு மூலையையும் நான் காட்டுகிறேன். சாப்பாடும் உண்டு.

உரிகம் பையன்:
ஞாயிறுதான் எனக்கு ஆர்டர் அதிகம்.

பீன்யா டர்னர்:
வராவிட்டால் பேசாதே. ஆறு வாரம்.

தங்கவயல் அப்பா:
டீச்சர், தாமதமாக வந்தால் உள்ளே விடுவது உங்கள் ஐடிஐயில் மட்டும்தானா, மற்ற இடத்திலும் கேட்கலாமா? என் மகனுக்கு இந்த மாதம் ஏற்கெனவே எட்டு நாள் போய்விட்டது.

உரிகம் பையன்:
நாலு மாதம் அண்ணே. எத்தனை தடவை கேட்டாலும் நாலு மாதம்.

பீன்யா டர்னர்:
ஏழு வைஸ் என்று நீயே எழுதியிருக்கிறாய். மேலே போய்ப் படி.