உசிலம்பட்டி, சேடப்பட்டி பக்கம் திறன் பயிற்சிக்குப் போனவர்கள் யாரையாவது தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் தையல், நோயாளிப் பராமரிப்பு மாதிரிப் பயிற்சிகளை முடித்த பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறேன். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம் இது. 15 முதல் 35 வயது வரை உள்ள கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி இலவசம்; பெண்கள் 45 வயது வரை சேரலாம்.

வேலை கிடைத்தது என்று எழுதியதோடு பல அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன. திருப்பூருக்குப் போன பெண் ஏன் சில மாதங்களில் ஊர் திரும்பினார்? விடுதியா, சம்பளமா, வீட்டில் கல்யாணப் பேச்சா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களையும் அவசியம் பார்க்க வேண்டும். பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஏற்கெனவே துணிச்சலும் வீட்டு ஆதரவும் கொஞ்சம் இருக்கும். விண்ணப்பிக்கவே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பயிற்சியின் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இடம் கிடைக்காதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

உசிலம்பட்டி, சேடப்பட்டி, செல்லம்பட்டி ஒன்றியங்களில் மகளிர் குழு அக்காமார் யாரையாவது தெரிந்தால், முதலில் அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். பெயர், ஊர் எதையும் ஆய்வில் எழுத மாட்டேன். அப்புறம், வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் வருகிறேன்.