அந்தியூர் சந்தையில் பொலிக்குதிரையை எப்படிப் பார்த்து முடிவு செய்வது?

தாராபுரத்தான்:
எங்க வீட்டுல மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒண்ணு இருக்கு. ஆறு வயசு, உயரம் 59 இஞ்ச். இன்னும் சினை பிடிச்சதில்லை, இப்பதான் முதல் தடவையா பொலிக்கு விடப் போறோம். ஆடியில் குருநாதசுவாமி திருவிழாவுக்கு அந்தியூர் வர்ற ஆண் குதிரைகள்ல ஒண்ணைப் பார்த்து வச்சுட்டு அப்புறம் உரிமையாளர்கிட்ட பேசலாம்னு அப்பா சொல்றார். போன வருஷம் போனப்ப மேளத்துக்கு ஆடுறது, பின்னங்கால்ல நிக்கிறது எல்லாம் பார்த்தேன். எந்தக் குதிரையைப் பார்த்தாலும் நல்லதாத்தான் தெரிஞ்சுது. காது நுனி ரெண்டும் தொடணும், நெற்றிச் சுழி சரியா இருக்கணும்ங்கிறாங்க. அது போதுமா?

பவானிக் கரை:
போதாது தம்பி. நான் 22 வருஷமா பெட்டை வளர்க்கிறேன். முதல் தடவை நானும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன். கன்னங்கரேல்னு ஒரு குதிரை, கழுத்தை வளைச்சு நின்னா கோயில் சிலை மாதிரி இருக்கும். அதுக்கே விட்டேன். ஆண் குட்டி பிறந்துச்சு, வீடே கொண்டாடுச்சு. ரெண்டு வயசாகியும் அதுக்கு ஒரு விதைதான் இறங்கியிருந்துச்சு. இன்னொண்ணு வயித்துக்குள்ளயே தங்கிடுச்சு. அடக்க முடியாத முரடு. கடைசியில வயித்தைத் திறந்துதான் எடுத்தாங்க. அப்புறம் விசாரிச்சா அப்பனுக்கும் ஒண்ணுதான்! ஒரு விதை இருந்தாலே பெட்டைக்குச் சினை பிடிச்சுடும், அதனால யாரும் கவனிக்கல. நான் குனிஞ்சு பார்த்திருந்தா அந்தக் குட்டி அந்த வேதனையைப் பட்டிருக்காது. இன்னைக்கும் மனசு ஆறல.

அதனால முதல்ல பின்னாடி நின்னு பாருங்க. ரெண்டும் இறங்கி, கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கணும்.

அடுத்து நடை. சாயங்காலக் கூட்டத்துல பார்க்காதீங்க. விடியக்காலையில தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போவாங்க, அப்ப போங்க. ராத்திரி முழுக்கக் கட்டிக் கிடந்த குதிரை முதல் இருபது அடி வைக்கிறப்ப கால்ல எது இருந்தாலும் காட்டிக்கொடுத்துடும். கயித்தைத் தளர்த்திப் பிடிச்சு, கெட்டித் தரையில நேரா போயிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்க. முன்னங்கால் வெளியே வீசுதா, பின்னங்கால் முட்டி உள்ளே ஒட்டுதா, ரெண்டு பக்கமும் அடி ஒரே சத்தமா விழுதான்னு கேளுங்க. நிக்க வச்சுக் காட்டுறப்ப தரையையும் பாருங்க. முன்னங்கால் ரெண்டையும் மேட்டுல ஏத்தி நிறுத்துவாங்க, முதுகு ரெண்டு இஞ்ச் கூடத் தெரியும். கீழுதடு தொங்கி, குறி வெளியே தளர்ந்து கிடந்தா சந்தேகப்படுங்க, அடக்க மருந்து கொடுத்திருக்கலாம்.

வாயைத் திறந்தா முன்பல் ரெண்டு வரிசையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். மேல்வரிசை முன்னால நீட்டிக்கிட்டிருந்தா விட்டுடுங்க, குட்டிக்கும் வரலாம். வயசு கேட்டா "எட்டு"ம்பாங்க. மேல்வரிசை முன்பற்கள்ல ஓரமா கடைசியில இருக்கிற பல்லுல ஈறோரமா பழுப்புக் கோடு ஒண்ணு இறங்கும். பத்து வயசு வாக்குல ஆரம்பிச்சு, 15ல பாதிக்கு வந்து, 20ல முழு நீளமும் ஆகும். சொல்ற வயசு சரியான்னு அதுல ஓரளவு தெரிஞ்சுடும்.

வெள்ளைக்குதிரைன்னா மூக்கோரம் தோலைப் பாருங்க. தோல் இளஞ்சிவப்பா இருந்தா பிறவியிலேயே வெள்ளை, நொக்ரா. தோல் கறுப்புன்னா பெரும்பாலும் அது கறுப்பாவோ செம்பழுப்பாவோ பிறந்து வயசாக ஆக வெளுத்தது. அதோட குட்டிகள்ல பாதிக்காவது அப்படியே வெளுக்கும். அந்த மாதிரி குதிரைக்கு வயசானா வாலடியில கறுப்புக் கட்டி வர்றது சகஜம், வாலைத் தூக்கிப் பார்த்துடுங்க.

இத்தனைக்கும் மேல, அதோட குட்டி நாலஞ்சு எங்க இருக்குன்னு கேட்டு நேர்ல போய்ப் பாருங்க. நான் இப்ப அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஹானோவர் தமிழன்:
இங்க ஜெர்மனியில இருக்கிற செல்லே அரசுக் குதிரைப் பண்ணைக்கு ரெண்டு தடவை பொலிக்குதிரை அணிவகுப்பு பார்க்கப் போயிருக்கேன். 1735ல இரண்டாம் ஜார்ஜ் மன்னர் ஆரம்பிச்ச இடம். ஒவ்வொரு குதிரையும் மைதானத்துக்குள்ள வர்றப்ப தகப்பன் யாரு, தாயோட தகப்பன் யாருன்னு ஒலிபெருக்கியில சொல்லிடுவாங்க. ஆனா அங்க வர்றதெல்லாம் முன்னாடியே சலிச்செடுத்தவை. எக்ஸ்ரே, மருத்துவர் சோதனை, கெட்டித் தரையில நடை, ஆளில்லாம தாண்டுறது எல்லாம் முடிஞ்சுதான் பொலிக்கு அனுமதி. அந்தியூர்ல அந்தச் சலிப்பை நீங்களேதான் செய்யணும். அண்ணா சொன்னது அத்தனையும் அதுதான்.

கால்நடை மருத்துவர்:
சந்தை மைதானத்திலேயே இணை சேர்த்துவிடாதீர்கள். பல மாநிலக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் இடம் அது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மனிதருக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்தானது. இரு குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்து, ஹிசார் தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்திலோ அதற்கு வசதியுள்ள வேறு ஆய்வகத்திலோ சோதித்த சான்று வாங்குங்கள். ஆண் குதிரைக்கு விந்துப் பரிசோதனையும் கேளுங்கள். ஆடியில் சேர்த்தால் சுமார் பதினொரு மாதம், அடுத்த ஆனியில் குட்டி. அதற்குள் லாயத்தைத் தயார் செய்துகொள்ளலாம்.

தாராபுரத்தான்:
எல்லாத்தையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முந்தின ராத்திரியே வந்துடுறோம் அண்ணா, விடியலுக்குத் தண்ணி காட்டுற இடத்துல நிப்போம்.

பவானிக் கரை:
வாங்க தம்பி, நானும் வர்றேன். பெட்டையை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க.