மூன்று அடுக்கு வாக்ஸ் போட்டும் பானட்டில் தண்ணீர் முத்தாக நிற்கவில்லை, எங்கே தவறு?

கடற்கரைக் கார்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2017 ஹோண்டா சிட்டி, கறுப்பு நிறம். கம்பெனி பெயின்ட்தான், இதுவரை ரீபெயின்ட் எதுவும் செய்யவில்லை. வீடு திருவான்மியூரில், கடலுக்கு மிக அருகில். மூடிய பார்க்கிங் கிடையாது. பகல் முழுக்க வெயில், ராத்திரி முழுக்க உப்புக்காற்று.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் காரைக் கழுவி, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, ஒரு சின்தெட்டிக் சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அதன் மேலேயே டப்பாவில் வரும் கார்னுபா (ஒருவகைப் பனை மெழுகு) பேஸ்ட் வாக்ஸ். அன்று மாலை கார் கண்ணாடி மாதிரி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பளபளப்பு இன்னும் கொஞ்சம் கூடட்டுமே என்று வீட்டில் கிடந்த ஒரு திரவ வாக்ஸை மூன்றாவது அடுக்காகப் போட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. பானட்டிலும் டாப்பிலும் தண்ணீர் ஊற்றினால் முத்து கட்டுவதில்லை. தட்டையாகப் பரவி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. அது போக, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்க் கை பட்ட மாதிரி வானவில் நிறத்தில் திட்டுகள் தெரிகின்றன. துடைத்தால் இடம் மாறுகின்றன, போவதில்லை. மூன்று அடுக்கு போட்டவனுக்கு ஒரு அடுக்கின் பலன்கூட இல்லையே என்று மனசு விட்டுப்போகிறது. நான்காவதாக எதையாவது போட்டால் சரியாகுமா?

மதுரைப் பட்டறை:
நான்காவது எதுவும் இப்போது வேண்டாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். மூன்றாவதாகப் போட்ட பாட்டிலின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? அந்த மூன்றாவது அடுக்கு படாத பாகம் காரில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அங்கே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்புறம், காரை யார் கழுவுகிறார்கள், எந்தத் தண்ணீரில்?

கடற்கரைக் கார்:
அண்ணா, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு பாட்டில் காலியாகிவிட்டதால் டிக்கிக்கு மட்டும் மூன்றாவது அடுக்கு போடவில்லை. அங்கே ஊற்றினால் தாமரை இலையில் ஓடுவது போல ஓடுகிறது! வானவில் திட்டு மட்டும் டிக்கியிலும் லேசாக இருக்கிறது. பாட்டிலில் "சுத்தம் செய்யும், பாலிஷ் செய்யும், பாதுகாக்கும்" என்ற பொருளில் எழுதியிருக்கிறது. கழுவுவது வாட்ச்மேன் அண்ணன், வாரம் ஒரு முறை. வீணாகக் கூடாது என்று ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுக்கிறோம்.

மதுரைப் பட்டறை:
விடை உங்கள் டிக்கியிலேயே இருக்கிறது. நீங்கள் மூன்றாவதாகப் போட்டது கிளீனர் வாக்ஸ். அதில் பழைய மெழுகையும் அழுக்கையும் கரைக்கும் கரைப்பானும், கூடவே மிக நுண்ணிய தேய்ப்புப் பொடியும் இருக்கும். வெறும் பெயின்ட்டின் மேல் போட்டால் அது அருமையான சாமான். ஏற்கெனவே போட்ட சீலன்ட், கார்னுபா மேல் போட்டால் கீழே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தன்னுடைய மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அதனால் உங்கள் பானட்டில் இப்போது இருப்பது மூன்று அடுக்கு இல்லை, ஒன்றே ஒன்று. அதுவும் இருப்பதிலேயே ஆயுள் குறைந்தது.

வானவில் திட்டு வேறு கதை, அதனால்தான் டிக்கியிலும் இருக்கிறது. சீலன்ட் என்பது பாலிமர். துடைத்து முடித்த பிறகும் பெயின்ட்டோடு ஒட்டி இறுகுவதற்கு அதற்கு நேரம் வேண்டும். பலவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம். நீங்கள் இரண்டே மணி நேரத்தில் மேலே பேஸ்ட் வாக்ஸைத் தேய்த்துவிட்டீர்கள். பேஸ்ட் வாக்ஸிலும் கரைப்பான் உண்டு. கார்னுபா தனியாக இருந்தால் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் சேர்த்தால்தான் கையால் பூசும் பதத்துக்கு வரும். அந்தக் கரைப்பான் இறுகாத சீலன்ட்டைக் கலக்கிவிட்டது. கையும் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தடிமனாகப் பூசினால் மிச்சம் துணியில்தான் போகும், போகாதது இப்படிக் குழம்பி நிற்கும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்து இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் கறுப்புக் காரில் சுண்ணாம்புப் புள்ளி நிச்சயம். தண்ணீரை வீணாக்க மனசு வரவில்லை என்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு அநேகமாக இருக்காது. கடைசி அலசலுக்கு அதை ஊற்றி மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்தால் புள்ளியே விழாது.

கடற்கரைக் கார்:
தெளிவாகப் புரிந்தது அண்ணா, நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். கார்னுபாவை முதலில் போட்டு, மேலே சீலன்ட் போட்டுப் பூட்டிவிட்டால் என்ன? அப்புறம், ஒவ்வொன்றையும் எத்தனை கோட் போடலாம்? சிலர் ஐந்து, ஆறு என்கிறார்கள்.

மதுரைப் பட்டறை:
தலைகீழாகப் போடக் கூடாது. சீலன்ட் பிடித்துக்கொள்ள வெறும் பெயின்ட் வேண்டும். நடுவில் மெழுகு இருந்தால் அது மெழுகைத்தான் பிடிக்கும். மெழுகு கழன்றால் சீலன்ட்டும் கூடவே போய்விடும். அடியில் உழைப்பது, மேலே அழகு சேர்ப்பது, இந்த வரிசைதான் சரி.

சீலன்ட் இரண்டு கோட் போடுங்கள். இரண்டாவது, முதல் கோட்டில் விட்டுப்போன இடத்தை மூடுவதற்காக, தடிமன் கூட்டுவதற்காக அல்ல. கார்னுபா ஒன்று போதும், ஆசைப்பட்டால் மறுநாள் இன்னொன்று. அதற்கு மேல் போடுவதில் பலன் இல்லை. புது கோட்டின் கரைப்பான் பழையதை ஓரளவு இளக்கிவிடுகிறது, மீதியைத் துணி எடுத்துக்கொள்கிறது. நான் பட்டறையில் ஆறு கோட் வரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: நிழலில், பெயின்ட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை, ஒரு பங்குக்கு நான்கு பங்கு சுத்தமான தண்ணீர் கலந்து, ஸ்பிரே செய்து ஒவ்வொரு பாகமாகத் துடையுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் இரண்டாம் முறை. திட்டும் பழைய மெழுகும் போய்விட்டால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவும். அது வந்தால்தான் சீலன்ட்டைத் திறக்க வேண்டும். ஒருநாள் முழுக்க மழையும் பனியும் படாமல் வைத்துவிட்டு அப்புறம் கார்னுபா.

பழைய அம்பாசிடர்:
தம்பி, கார்னுபா பற்றி ஒரு வார்த்தை. அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனம். நம் பனை போலவே விசிறி ஓலை. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க ஓலை தன் மேல் பூசிக்கொள்ளும் மெழுகைத்தான் உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். என் 1984 அம்பாசிடருக்கு கிளியர் கோட் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பூச்சு) கிடையாது, நிறமே மேல்பூச்சு. அதில் கார்னுபா போட்டால் நிறம் ஊறி எழுந்து நிற்கும், சீலன்ட் போட்டால் அந்த ஆழம் வருவதில்லை. உன் காரில் மேலே கிளியர் கோட் இருப்பதால் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. கறுப்புக் காரின் அழகில் பெரும்பங்கு வாக்ஸுக்கு அடியில், பாலிஷிலேயே முடிந்துவிடுகிறது.

ஓஎம்ஆர் தினசரி:
இவ்வளவு சிரமம் எதற்கு? பெயின்ட் மேல் கண்ணாடி போல இறுகும் செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் முடிந்ததே.

மதுரைப் பட்டறை:
நீண்ட நாள் உழைப்பதில் செராமிக் முன்னால்தான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் கீறலோடு சேர்த்துப் பூட்டிவிடும். அதனால் முதலில் மெஷின் பாலிஷ் தேவை, அது கிளியர் கோட்டைக் கொஞ்சம் தின்னும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் செராமிக் மேலும் புள்ளி விழும். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை கையால் செய்வதில் மகிழ்ச்சி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய முடிகிறவருக்கு சீலன்ட் தாராளமாகப் போதும்.

கடற்கரைக் கார்:
ஒன்பது வாரத்துக்கு அப்புறம் வந்து எழுதுகிறேன்.

ஆல்கஹால் துடைப்பிலேயே வானவில் போய்விட்டது, பானட்டுக்கு மட்டும் இரண்டு முறை தேவைப்பட்டது. பிறகு பானட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்தேன். டிரைவர் பக்கம் சீலன்ட் இரண்டு கோட், ஒருநாள் இடைவெளி விட்டு மேலே கார்னுபா. மறுபக்கம் கார்னுபா மட்டும் இரண்டு கோட். டேப்பை எடுத்த அன்று அக்காவைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் அழகு என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானே என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான்காம் வாரம் வரை இரண்டு பக்கமும் முத்து கட்டியது. ஐந்தாம் வாரம், மார்ச் வெயில் ஏறத் தொடங்கியதும், கார்னுபா பக்கம் முத்துகள் பெரிதாகி, உருக்குலைந்து, ஆறாம் வாரம் தண்ணீர் தட்டையாகிவிட்டது. சீலன்ட் பக்கம் இன்று காலைகூடச் சின்னச் சின்ன உருண்டையாக நின்றது. கடைசி அலசலுக்கு ஏசி தண்ணீர்தான். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

ஒரே சந்தேகம்: சீலன்ட் பக்கத்தின் மேல் இப்போது மறுபடி கார்னுபா போட, பழையதை எடுக்க வேண்டுமா?

மதுரைப் பட்டறை:
வேண்டாம் தம்பி. நன்றாகக் கழுவிக் காயவைத்து, மெல்லிசாக ஒரு கோட். கிளீனர் வாக்ஸ் பக்கம் மட்டும் கை போக வேண்டாம். அடுத்த முறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும்போது வேண்டுமானால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பாதி பானட்டைத் துடைத்துவிட்டு அதற்கும் சீலன்ட் போட்டுவிடுங்கள், சித்திரை வெயில் வருவதற்குள்.