தம்பியின் காலில் சரிந்து ஏறிய ஸ்குரூ

பஞ்சிகாவத்தையில் பதினெட்டு வருடமாக லேத் வேலை செய்கிறேன். காலில் பிளேட் (முறிந்த எலும்பைப் பிடித்து வைக்கும் உலோகத் தகடு) வைத்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு மழை நாளில் காலி வீதியில் தம்பியின் பைக் வழுக்கியது. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. லொக்கிங் பிளேட் வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில், மேலிருந்து இரண்டாவது ஸ்குரூவின் தலை பிளேட்டை விட்டு எழும்பி நின்றது. அவன் சொல் கேட்காமல் காலை ஊன்றியிருப்பான் என்று அம்மா ஏசினா. அவன் ஊன்றவே இல்லை. அந்த ஏச்சுத்தான் அவனுக்கு முறிவை விட வலித்தது.

வேறொரு எலும்பு டொக்டரிடம் போனோம். நான் லேத்காரன் என்றதும் பேனையை எடுத்துக் கீறியே காட்டினார். பழைய வகைப் பிளேட்டை ஸ்குரூ எலும்போடு அழுத்திப் பிடிக்கும். அந்த உராய்வுதான் பலம். லொக்கிங் பிளேட்டில் ஸ்குரூவின் தலையிலும் மரை, பிளேட்டின் துளையிலும் மரை. இரண்டும் கடித்துக்கொண்டால் பிளேட்டும் ஸ்குரூவும் ஒரே துண்டு மாதிரி. எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கும் அது நிற்பது அதனால்தான். ஆனால் ஸ்குரூ துளையின் அச்சுக்கு நேராக ஏற வேண்டும். சாதாரண லொக்கிங் துளையில் 5 பாகைக்கு மேல் சரிந்தாலே தாங்கும் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். வழிகாட்டிக் குழாயைப் பிளேட்டின் மரையிலேயே பூட்டி, அதற்குள்ளால் எலும்பைத் துளைப்பது இதற்காகத்தான். முறிவுக் கோட்டில் படாமல் இருக்க அந்த ஒரு ஸ்குரூவைச் சரித்துப் போட்டிருக்கலாம் என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. ஸ்பார்க் பிளக்கைச் சரித்து ஏற்றிய எஞ்சின்கள் எத்தனை எங்கள் கராஜுக்கு வருகின்றன! ஏற்றும்போது கைக்கு நல்ல இறுக்கமாகத்தான் இருக்கும். மரை ஒரு பக்கம் மட்டும் கடித்திருப்பது பிறகுதான் தெரியும்.

இரண்டாவது ஒப்பரேஷனில், சரிவாகவும் பூட்டக்கூடிய பிளேட் வைத்தார்கள். அதன் துளையில் மரை முழு வட்டமாக இல்லை, நாலு தூண்களாக நிற்கிறது. ஸ்குரூவின் தலை உருண்டை. 15 பாகை வரை எந்தப் பக்கமும் சரிக்கலாமாம். அப்படியிருந்தும், சரிவு கூடக் கூடப் பிடி குறைவதுண்டு, தேவையான அளவுக்குத்தான் சரிப்பேன் என்றார் டொக்டர். அந்தப் பேச்சில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. தம்பி இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அம்மாவை உட்காரவைத்து, பிழை அவனுடையது இல்லை என்று நானே படம் கீறிக் காட்டினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணா, நான் ஒப்பரேஷன் தியேட்டர் நேர்ஸாக இருந்தவள். கை இறுக்கத்தை நம்பக்கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி. கடைசி இறுக்கத்துக்கு விசையை மட்டுப்படுத்தும் கைபிடி வைத்திருப்போம். அளவு வந்ததும் 'டக்' என்று விடும். பரவலாகப் பாவிக்கும் 3.5 மில்லிமீற்றர் லொக்கிங் ஸ்குரூவுக்கு 1.5 நியூட்டன் மீற்றர் (முறுக்கும் விசையின் அளவு), 5 மில்லிமீற்றருக்கு 4. ஆனால் ஸ்குரூ சரிந்திருந்தாலும் அந்த 'டக்' கேட்கும். சத்தம் கேட்டுவிட்டது என்று நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

வெள்ளவத்தையிலிருந்து

என் அம்மாவின் மணிக்கட்டுப் பிளேட்டைக் கழற்றப் போனபோது ஒரு ஸ்குரூ அசையவே இல்லை. டைட்டேனியம், தலை பிளேட்டோடு இறுகிப் பிடித்துவிட்டது. சாவி போடும் குழியும் தேய்ந்துபோக, தலையைத் துளைத்துத்தான் எடுத்தார்கள்; அரை மணி என்றது இரண்டு மணி நேரமாகிவிட்டது. சரிந்து ஏறினாலும் அளவுக்கு மேல் இறுக்கினாலும் இப்படி ஆகுமாம். பிளேட் கழற்ற இருப்பவர்கள், உள்ளே என்ன வகை ஸ்குரூ இருக்கிறது என்ற குறிப்பை முதல் ஒப்பரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பொருத்தமான சாவியும் துளைக்கும் ஊசியும் தயாராக இருக்கும். எங்களிடம் அந்தக் குறிப்பு இருக்கவில்லை.