பத்திரத்தில் 'சாக்வில் பாரிஷ்' என்று இருந்தால்: நியூ பிரன்சுவிக் கிராமப்புறத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், மாங்க்டன் நகரில் வேலை கிடைத்து வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, சாக்வில் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது. காகிதத்தில் 'பாரிஷ் ஆஃப் சாக்வில், கவுண்டி ஆஃப் வெஸ்ட்மோர்லாண்ட்' என்று போட்டிருக்கிறார்கள். பாரிஷ் என்றால் சர்ச்சு வட்டாரம் என்பார்களே, சர்ச்சுக்குச் சொந்தமான நிலமா? வரி யாருக்குக் கட்டுவது?"

சர்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி. 1784-இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நியூ பிரன்சுவிக் தனி மாகாணமாகப் பிரிந்தது. அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசரின் பக்கம் நின்ற லாயலிஸ்டுகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்திருந்த நேரம் அது. 1786-இல் மாகாணத்தை மாவட்டம் போன்ற கவுண்டிகளாகவும், கவுண்டிகளைப் பாரிஷ்களாகவும் பிரித்துச் சட்டம் போட்டார்கள். சாக்வில் அப்போதே பாரிஷ் ஆகிவிட்டது.

கவுண்டி நிர்வாகம் ஒரு காலத்தில் இருந்தது. வெஸ்ட்மோர்லாண்டுக்குத் தலைநகர் பக்கத்து டார்செஸ்டர். ஏழைக் கவுண்டியில் பள்ளியும் ஏழ்மையாக இருந்தது என்பதற்காக, மாகாண முதல்வர் லூயி ரோபிஷோ 1967-இல் கவுண்டி அரசுகளைக் கலைத்து, பள்ளி, மருத்துவம், நீதி எல்லாவற்றையும் மாகாணத்தின் கையில் எடுத்துக்கொண்டார். இந்த மாகாணம் செய்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பாரிஷ் மட்டும் எல்லைப் பெயராகப் பத்திரங்களிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தங்கிவிட்டது. அதற்கு மேயரும் இல்லை, அலுவலகமும் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு. 2023 ஜனவரி முதல் உள்ளாட்சியை மாற்றியமைத்ததில் சாக்வில் ஊரும் டார்செஸ்டரும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்து டான்ட்ரமார் என்ற நகராட்சி ஆயின. நகராட்சிக்குள் வராத நிலம் 'ரூரல் டிஸ்ட்ரிக்ட்' என்ற பகுதிக்குள் வரும். அதை மாகாணமே பார்த்துக்கொள்ளும். உங்கள் வீடு எதற்குள் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வரி விகிதம் அமையும், பனி தள்ளுவது யார், யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதும் தெரியும். பில் எப்படியும் மாகாணத்திடமிருந்தே வரும். நிலத்துக்கு 'பிஐடி' என்று ஒரு எட்டு இலக்க எண் இருக்கும். முதலில் அதை வாங்கி, 'ஜியோஎன்பி' என்ற அரசு வரைபடத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். வாங்கும்போது 1 சதவீதம் சொத்துப் பெயர்மாற்ற வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

வரைபடத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது வீட்டைச் சுற்றிய அந்தப் பெரிய சமவெளி. நான் நீட்டிப் பேச விரும்புவது அதைப் பற்றித்தான், ஏனென்றால் வீட்டுத் தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

டான்ட்ரமார் சதுப்பு ஃபண்டி வளைகுடாவின் தலைப்பகுதியில் இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய கடல் ஏற்றவற்றம் இந்த வளைகுடாவில்தான். இந்தப் பக்கத்தில் தண்ணீர் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அது கொண்டுவந்து போட்ட செம்மண் சேறுதான் இந்தச் சமவெளி. மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களின் நாடு இது. 1670-களில் அகேடியர்கள் என்ற பிரெஞ்சு விவசாயிகள் வந்து, காடு வெட்டுவதைவிடக் கடலிடமிருந்து நிலம் எடுப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். மண்கரை கட்டி, அதன் அடியில் மரத்தாலான மதகு வைத்தார்கள். பெயர் அபுவாட்டோ. உள்ளே ஒரு தொங்கு பலகை. கடல் வற்றும்போது மழைநீர் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தில் பலகை மூடிக்கொள்ளும். சில ஆண்டு மழையில் உப்பு கரைந்ததும் உரமே தேவைப்படாத வயல் கிடைத்தது.

அந்த வயலை அவர்கள் நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. 1755 ஜூனில் பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்களின் போசேஜூர் கோட்டை பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. ஆகஸ்டில் அகேடிய ஆண்களை அதே கோட்டைக்கு வரச் சொல்லிச் சிறைப்பிடித்தார்கள். குடும்பங்களைக் கப்பலேற்றித் தெற்கே கரோலினா, ஜார்ஜியா வரை அனுப்பினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். காலியான நிலத்துக்கு 1760-களில் நியூ இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பாப்டிஸ்ட் குழு 1763-இல் இங்கே சபை அமைத்தது. 1770-களில் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து குடும்பங்கள் வந்தன. இன்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "எங்கள் குடும்பம் இங்கே எட்டுத் தலைமுறை" என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்று. திரும்பி வந்த அகேடியர்கள் பக்கத்து மெம்ரம்குக்கில் ஊன்றிக்கொண்டார்கள். அங்கே இன்றும் பிரெஞ்சுதான் பேச்சு.

அப்புறம் வைக்கோல் காலம். குதிரைகள் உழைத்த நாளில் இந்தச் சதுப்பின் புல் மரவெட்டு முகாம்களுக்கும் நகரங்களுக்கும் போனது. நூற்றுக்கணக்கான வைக்கோல் கொட்டகைகள் நின்றன. மோட்டார் வண்டி வந்ததும் விலை விழுந்தது, கரைகள் கவனிப்பாரற்றுப் போயின. 1948-இல் ஒட்டாவா அரசு சட்டம் போட்டுக் கரைகளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் உங்கள் வீட்டுக்கு எதற்கு என்றால், அந்தக் கரை இல்லாவிட்டால் சமவெளியின் பெரும்பகுதி இன்றும் கடல்தான். 1869 அக்டோபரில் சாக்ஸ்பி புயல் பெரிய ஏற்றத்தோடு சேர்ந்து வந்த இரவில் நீர் கரையைத் தாண்டி மாடுகளையும் வைக்கோல் போர்களையும் அடித்துக்கொண்டு போனது. கடல் மட்டம் அதற்குப் பிறகு உயர்ந்திருக்கிறது. நோவா ஸ்கோஷியாவைக் கனடாவின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இதன் மேல்தான் போகின்றன என்பதால், சுமார் 65 கோடி டாலர் செலவில் கரைகளை உயர்த்தும் திட்டம் இப்போது கையில் இருக்கிறது.

பழைய ஆட்கள் எங்கே வீடு கட்டினார்கள் என்று பாருங்கள். எல்லாம் சதுப்பின் ஓரத்து மேட்டில். சதுப்பில் வயலும் கொட்டகையும் மட்டும். மிட்ஜிக், வுட் பாயிண்ட் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மேட்டு வீடா என்று முதலில் கேளுங்கள். ஜியோஎன்பியில் வெள்ள அபாய வரைபடமும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் விலை பேசும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீரோடையோ ஈரநிலமோ 30 மீட்டருக்குள் இருந்தால் ஒரு ஷெட் போடவும் மாகாண அனுமதி தேவைப்படலாம்.

மேட்டு வீட்டில் பெரும்பாலும் சொந்தக் கிணறும் செப்டிக் டேங்க்கும் இருக்கும். தண்ணீரைக் கிருமிக்கு மட்டும் சோதித்து விட்டுவிடாதீர்கள், ஆர்செனிக், மாங்கனீசுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனை முடிவு திருப்தியாக வந்தால்தான் வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது இங்கே சாதாரணம், கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு அக்கா, மகள் மவுண்ட் அலிசன் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள், கார் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருந்தார். படிக்கிற பெண்ணுக்கு முடியும் அக்கா. கல்லூரி ஊரின் நடுவிலேயே இருக்கிறது, கடையும் ரயில் நிலையமும் நடக்கிற தூரம். 1875-இல் பிரிட்டிஷ் பேரரசிலேயே ஒரு பெண் முதன்முதலாக இளங்கலைப் பட்டம் வாங்கிய கல்லூரி அது. கிரேஸ் ஆனி லாக்ஹார்ட் என்று பெயர். மகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். ஆனால் மாண்ட்ரியல்-ஹாலிஃபாக்ஸ் ரயில் வாரத்தில் சில நாள்தான் நிற்கும், மாங்க்டன் சுமார் 50 கிலோமீட்டர். குடும்பமாகக் குடியேறினால் கார் வேண்டும். குளிர்காலத்தில் சதுப்பின் குறுக்கே காற்று பனியை வாரி அடிக்கும்போது முன்னால் போகிற வண்டி தெரியாது. கிளம்பும் முன் 511 என்ற சாலைத் தகவல் சேவையில் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.