மறு: துண்டுக்கோடு வேண்டாம், விடுகோடு எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

படம் வரையவும் திருத்தவும் உதவும் கிம்ப் மென்பொருளின் பட்டியல்களைத் தமிழாக்கும் இழையில், ‘டேஷ்டு லைன்’ (இடைவெளி விட்டுச் சின்னச் சின்னதாகப் போடும் கோடு) என்பதற்குத் துண்டுக்கோடு என்று முடிவாகிவிடும்போல் தெரிகிறது. தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள்.

சேலத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குக் கணினியில் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். போன வாரம் ஏற்காட்டு வரைபடம் போட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுள்ள தார்ச்சாலைக்கு முழுக்கோடு. காப்பித் தோட்டங்களுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைக்கு ‘துண்டுக்கோடு போடுங்கள்’ என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே ஒரு சின்னக் கோடு இழுத்து, இரண்டு முனைகளுக்கும் அ, ஆ என்று பெயர் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கணக்குப் பாடத்தில் கோட்டுத்துண்டு என்றால் அதுதானே! படித்தபடி சரியாகத்தான் செய்திருக்கிறாள். சொல்லை முன்பின்னாக மாற்றினால் பொருளும் மாறும் என்று அவளிடம் எப்படி எதிர்பார்ப்பது?

மதுரை நண்பர் சொன்ன முறிகோடும் ஒத்துவராது. முறிந்து முறிந்து திசை திரும்பும் கோடு என்றே படும். அந்தப் பெயர் கொண்டை ஊசி வளைவுக்குத்தான் பொருந்தும்.

பெயர் வைக்கும் முன், மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். எஸ்.வி.ஜி. (படத்தைக் கோடு, வளைவு என்று எழுத்தில் விவரிக்கும் கோப்பு வகை) படத்தில் இந்தக் கோட்டைச் சில எண்களால் எழுதுகிறோம். 8, 4 என்றால் எட்டு அலகு வரை, நான்கு அலகு விடு, மறுபடி வரை. எண்கள் ஒற்றைப்படையில் இருந்தால் வரிசையை இன்னொரு முறை சேர்த்து இரட்டையாக்கிக்கொள்ளும்: 5, 3, 2 என்பது 5, 3, 2, 5, 3, 2 ஆகும். புள்ளிக்குத் தனி ஏற்பாடு கிடையாது. வரையும் நீளத்தை 0 ஆக்கி, முனையை உருண்டையாக வைத்தால் புள்ளி வந்துவிடும். கோட்டின் தடிமன் 4, எண்கள் 0, 8 என்றால் நான்கு அலகு அகலப் புள்ளி, நடுவே நான்கு அலகு வெளி. அதே இடத்தில் 0, 4 கொடுத்தால் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். முனையைத் தட்டையாக வைத்தாலோ ஒன்றுமே தெரியாது.

கிம்பில் தூரிகையால் போடும்போதும் இதேதான். தூரிகையின் இடைவெளியை 200 ஆக்கி, ஓரிடத்தில் சொடுக்கி, ஷிப்டை அழுத்தியபடி இன்னோரிடத்தில் சொடுக்கினால் நேராகப் புள்ளிகள் விழும்.

ஆக, இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருப்பது விடுகிற இடம். செவ்வாய்ப்பேட்டையில் ரசீதுப் புத்தகம் அடிக்கும் அச்சகம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். கிழிக்கும் இடத்தில் போடும் கோடு எப்படி இருந்தாலும் அவர்களுக்கு அது ‘டாட் லைன்’தான். பொதுப்பெயர் ஒன்று தேவை என்பது தொழிலிலும் தெரிகிறது. அதனால் பொதுப்பெயராக விடுகோடு என்று முன்வைக்கிறேன். சேர்வராயன் மலையில் விட்டு விட்டு மழை பெய்கிறது என்கிறோம். பள்ளியில் ‘ஒரு வரி விட்டு எழுது’ என்கிறார்கள். அந்த விடு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே இலக்கணத்திலும் இடறாது. விடுகதை நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். பக்கத்தில் கோடு இருக்கும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

வரைகிற சின்னப் பகுதிக்குக் கீற்று. தென்னங்கீற்று என்றால் கூரை வேய்வது, சரி. ஆனால் தேங்காய்க் கீற்றும் ஒளிக்கீற்றும் இருக்கின்றனவே, மெலிந்து நீண்டது என்ற பொருள் அவற்றில் அப்படியே நிற்கிறது. அப்போது டேஷ்டு லைன் கீற்றுக்கோடு, டாட்டட் லைன் புள்ளிக்கோடு, இரண்டும் விடுகோட்டின் வகைகள். கிம்பின் ஆயத்த வடிவங்களுக்கும் பெயர் தானாக அமைகிறது: நெடுங்கீற்று, நடுக்கீற்று, குறுங்கீற்று, ஐதான புள்ளி, இயல்பான புள்ளி, அடர்புள்ளி, கீற்றும் புள்ளியும், கீற்றும் இருபுள்ளியும்.

ஆயத்த வடிவங்களில் ‘ஸ்டிப்பிள்ஸ்’ (நுண்புள்ளிகள்) ஒன்றுதான் மிச்சம். அம்மி கொத்துவதை வைத்துக் கொத்துப்புள்ளி என்று எழுதிப் பார்த்தேன். பூங்கொத்து மாதிரி புள்ளிகள் சேர்ந்திருப்பதாகவும் படிக்க முடிகிறது, அதனால் தயங்குகிறேன். கல்வேலை தெரிந்தவர்கள் வீட்டில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.