இங்கிலாந்துச் சட்டத்தில் எது சொத்து? விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் சொத்துச் சட்டம் குறித்துத் தமிழில் பாடக்குறிப்பு ஒன்றை எழுதிவருகிறேன். அன்றாட ஆங்கிலத்தில் ‘பிராப்பர்டி’ என்றால் பெரும்பாலும் வீடோ மனையோதான். சட்டமோ அதைப் பொருளாகப் பார்க்காமல், ஒருவருக்குள்ள உரிமையாகப் பார்க்கிறது. வங்கிக் கணக்கில் இருக்கும் தொகைகூட, வங்கி நமக்குத் தரவேண்டிய கடன் என்ற முறையில்தான் சொத்தாகிறது. இதுவரை சிக்கல் இல்லை.

1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில்தான் தடுமாறுகிறேன். அதன் 4ஆம் பிரிவு, பணத்தோடும் பிற பொருள்களோடும், தொட்டுணர முடியாத சொத்துகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆயினும், தேர்வுக்கு முன்பே வினாத்தாளின் அச்சுப்படியைப் பெற்ற லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மீதான ‘ஆக்ஸ்ஃபர்டு எதிர் மாஸ்’ வழக்கில், தாளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லாததால், அதிலிருந்த இரகசியத் தகவலைத் திருடியதாகவே குற்றம் சாட்டப்பட்டது. அத்தகைய தகவல் சொத்தாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. (தேர்வு எழுதி இவ்வளவு புகழ் பெற்ற மாணவர் வேறு எவரும் இருக்க முடியாது.) மின்சாரமும் 4ஆம் பிரிவின் பொருளில் சொத்தாகாததால், அதற்கும் அதே சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று தனியே ஒன்று தேவைப்பட்டது.

1977ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் காப்புரிமையைச் (‘பேடன்ட்’) சொத்து என்று வெளிப்படையாகவே சொல்லும்போது, இரகசியத் தகவல் மட்டும் விலக்கப்படுவதற்குக் கோட்பாட்டளவில் காரணம் உண்டா, அல்லது அது திருட்டுச் சட்டத்துக்கு மட்டுமே உரிய வரம்பா? இங்கிலாந்துச் சட்டம் படித்தவர்கள், இயன்றால் பிற்காலத் தீர்ப்புகளையும் சுட்டி, விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.